முதல் மடக்கைக் குடிக்க ஆளில்லாத சோதனை

அனுப்புநர்
கோம்பிசிலே பியேலா (வயது ஐம்பத்து மூன்று),
மூலிகைக் கடை எண் 41,
எசிலாலேனி பெரிய சந்தை,
ஆற்றுப் பாலம் அருகில்,
குவாசுலு-நட்டால்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
நாட்டு மூலிகைச் சோதனை வாரியம்,
எசிலாலேனி.

பொருள்: உங்கோபேக் கிழங்குக் கஷாயத்தில் நான் நஞ்சு கலந்ததாக ஐயம் கிளப்பும் சிவப்பு அறிவிப்பை நீக்கவும், மேற்படி கிழங்கை முறையாக மறுசோதனை செய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சந்தை வாசல், டாக்சி நிறுத்தம், பொதுக் கழிப்பறைச் சுவர் ஆகிய மூன்று இடங்களில் வாரியம் ஒட்டியுள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சந்தையில் இருபது வருடத்துக்கும் மேலாக வேர், பட்டை, கிழங்கு விற்றுவருகிறேன். என்னைத் தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று அடக்கமாகத் தொடங்கத்தான் எண்ணினேன். ஆனால் என் பெயரும் கடை எண்ணும் வாரியத்தின் செலவில் மூன்று இடங்களில் கொட்டை எழுத்தில் அச்சாகி ஒட்டப்பட்டிருப்பதால் அந்த அடக்கம் இனி எனக்குச் செல்லாது. கடைக்கு ஒரு விளம்பரப் பலகை வைக்கச் சந்தைக் கண்காணிப்பாளரிடம் பல வருடமாக அனுமதி கேட்டு அலைந்தேன், கிடைக்கவில்லை. வாரியம் கேட்காமலே செய்து கொடுத்துவிட்டது. அதன் வாசகம் ஒன்றுதான் எனக்குச் சம்மதமில்லை. அது வருமாறு: "கோம்பிசிலே பியேலா (கடை எண் 41) என்பவர் தயாரித்த கஷாயத்தில் நஞ்சு கலக்கப்பட்டிருக்கலாம் என ஐயம். பொதுமக்கள் வாங்கிப் பருக வேண்டாம். மீறி விற்றால் கடை அகற்றப்படும்."

2. உங்கோபே என்பது ஆற்றோரப் பாறை இடுக்கில் படரும் கொடி. அதன் கிழங்கை இடித்து வெதுவெதுப்பான நீரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில், பெரிய குவளையால், வயிறு கெஞ்சும் வரை குடிக்க வேண்டும். பிறகு கொல்லைப்புறம் போய்க் குனிந்து, குடித்தது அத்தனையையும் பித்தத்தோடு சேர்த்து வெளியே அனுப்ப வேண்டும். வாய் கசந்து, தலை கனத்து, கட்டிய புருஷனைப் பார்த்தாலும் கடன்காரனைப் பார்த்தாலும் ஒரே மாதிரி எரிச்சல் வருகிறவர்களுக்கு இதைக் கொடுக்கிறோம். வாந்தி வந்தால்தான் வைத்தியம் முடிந்தது என்று பொருள். வராவிட்டால் வாங்கியவர் மறுநாள் வந்து என்னைத் திட்டுவார். இதை எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தாங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன் இம்மனுவைப் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள வேண்டும்.

3. சோதனை என்ற சொல்லைக் கேட்டு ஓடுகிறவள் அல்ல நான். கடந்த ஆண்டு தங்கள் வாரியத்தைச் சேர்ந்த டாக்டர் ஷெசி என் கடைக்கு வந்து பட்டைகளை எடுத்துப் போய்ப் பார்த்தார். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத பூசணம் இருக்கிறது என்று திரும்பி வந்து சொன்னார். அன்றோடு பிளாஸ்டிக்கை விட்டேன். இப்போது எல்லாம் காகிதப் பைதான். என்னை மாபியேலா என்று அழைக்கும் பக்கத்துக் கடைக்காரர்கள் "மாபியேலாவுக்குப் படிச்ச மாப்பிள்ளை கெடைச்சிருக்காரு" என்று கேலி செய்தபோதும் நான் டாக்டரை மரியாதையாகப் பாபா என்றே கூப்பிட்டு, அவர் பக்கமே பேசினேன். அந்த உதவிக்கு நன்றி சொல்ல வேண்டியது பாக்கி. அதை இங்கேயே செலுத்திவிடுகிறேன். இனிமேல் சண்டை போட வசதியாக இருக்கும்.

4. உங்கோபேயைச் சோதிக்க வேண்டும், பித்தத் தொல்லை உள்ளவர்களுக்கு உண்மையிலேயே பயன் தருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது, கிழங்கும் கொடுத்தேன், இடித்தும் கொடுத்தேன். குடித்தால் வாந்தி வரும் என்று சொன்னேன். "பக்கவிளைவுதானே மா, குறிச்சுக்கறேன்" என்றார். பக்கவிளைவு என்றால் பக்கத்தில் நிற்பவருக்கு வருவது போலிருக்கிறது என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

5. முதல் நாள் சோதனைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். என் பக்கத்துக் கடையில் மணிமாலை விற்கும் மாகும்பியும் வந்திருந்தாள். அவளுக்குப் பித்தம் இருப்பது ஊரறிந்தது. இலவசம் என்றால் எங்கும் வருவாள் என்பதும் ஊரறிந்தது. வாளியில் நானே கலக்கிய கஷாயத்தை நர்ஸ் குவளைகளில் ஊற்றி நீட்டினார். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் வாய் வைக்கவில்லை. எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. நான் முதல் குவளையை வாங்கி ஒரு மடக்கு குடித்து, "ம், குடிங்க" என்றேன். அதன் பிறகுதான் குவளைகள் வாய்க்குப் போயின. கள்ளானாலும் கஷாயமானாலும் கொடுப்பவர் முதல் மடக்கைக் குடித்துக் காட்டாமல் வாங்குபவர் குடிக்க மாட்டார் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாங்களும் இந்த மண்ணில் பிறந்தவர். தங்கள் வீட்டு விசேஷத்திலும் பானை அப்படித்தான் சுற்றி வரும்.

ஆனால் டாக்டர் பதறிவிட்டார்.

"மா, என்ன காரியம் பண்ணீங்க! மாதிரியை எச்சில் பண்ணிட்டீங்களே!"

"எச்சில் பண்ணல பாபா. சாட்சி சொன்னேன்."

"இது ஆய்வுக்கூடம் மா, கல்யாண வீடு இல்ல."

"வயிறு ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதானே பாபா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். என் வாய் எனக்கு முன்னால் நடக்கும். உடம்பு பருமன் என்பதால் பின்னால் மெதுவாக வரும்.

6. அதன் பின் நடந்தது கஷாயத்தின் குணப்படி மிகச் சரியாக நடந்தது. ஆனால் அந்த அறையில் ஒரு வாளிகூட வைத்திருக்கவில்லை. சிலர் ஜன்னலுக்கு ஓடினார்கள், சிலர் வாசலில் இருந்த ரோஜாப் பாத்திக்கு ஓடினார்கள். நர்சுகள் அவர்களைத் துரத்திப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள். மாகும்பியின் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் போட்ட சத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

"ஏம்மா, என்னை எதுக்குப் படுக்க வைக்கறீங்க? தலையில கெடந்த பாறாங்கல்ல இப்பதான் எறக்கி வெச்சிருக்கேன். பசிக்குது. களியும் கறியும் குடுங்க!"

"பேசாம படுங்க மா. உங்களுக்கு விஷம் ஏறியிருக்கு."

"ஏறினதா? எறங்கினதைத்தானடி இப்ப நீ கண்ணால பார்த்தே!"

மேற்படி மாகும்பி அன்று மாலையே வீட்டுக்கு நடந்து போனாள். வழியில் இரண்டு பேரோடு சண்டையும் போட்டாள். அவள் பூரண குணமடைந்ததற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இருந்தும் அறிக்கையில் அன்றைய நாளுக்கு எதிரே "கடும் வாந்தி, நச்சு அறிகுறி" என்று எழுதப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

7. இரண்டாவது நாள் வேறொரு கூட்டத்துக்குச் சோதனை. அதே கிழங்கு. வாரியத்தின் ஆட்களே இடித்து, அவர்களே கலக்கினார்கள். நான் வாசலிலேயே நிறுத்தப்பட்டேன்.

"இன்னிக்கு உங்க பேரு இல்ல மாபியேலா. டாக்டர் வேணாம்னுட்டாரு" என்றார் காவலாளி.

"நான் உள்ள போகாம அவங்க எப்படி தம்பி குடிப்பாங்க?"

"வாயாலதான் மா."

காவலாளிகளின் நகைச்சுவை உணர்வைப் பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை. நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் குனியவில்லை. மாலையில் எல்லாரும் போன முகத்தோடேயே திரும்பி வந்து டாக்சி ஏறினார்கள். அன்றைய நாளுக்கு எதிரே "எந்த விளைவும் இல்லை" என்று எழுதப்பட்டது.

8. இப்போது வாரியம் போட்ட கணக்கைப் பாருங்கள். கிழங்கு ஒன்று, நீர் ஒன்று, அளவு ஒன்று. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. முதல் நாள் அறையில் நான் இருந்தேன். இரண்டாம் நாள் இல்லை. ஆக, வாந்தி கிழங்கினால் வரவில்லை, பியேலாவினால் வந்தது. முதல் மடக்கு குடிக்கிற சாக்கில் அவள் எதையோ வாளியில் போட்டிருக்க வேண்டும். இந்த முடிவுக்கு எத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாலே வாந்தி வருகிறது என்று இதுவரை என் முன்னாள் சம்பந்தி மட்டுமே சொல்லியிருக்கிறார். அரசு வாரியம் அதை உறுதி செய்யும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

9. ஐயா, சிரிக்கும்படி எழுதிக்கொண்டு வருகிறேன். இந்தப் பத்தியில் என்னால் முடியாது.

அறிவிப்பு ஒட்டப்பட்டபின் வந்த சனிக்கிழமை என் தம்பி மகளுக்கு உமெமுலோ. பெண் வளர்ந்து கல்யாண வயதை எட்டிவிட்டாள் என்று ஊருக்குக் காட்டும் விசேஷம். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் கள் காய்ச்சுவது அத்தைக்காரியாகிய என் வேலை. இந்த முறையும் சோளத்தை ஊற வைத்து, காய வைத்து, அரைத்து, காய்ச்சி, புளிக்க வைத்து, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். தம்பி மனைவி வாசலில் வந்து, "அக்கா, இந்தத் தடவை நீங்க உக்காருங்க. கால் வலிக்கும்" என்றாள். எனக்குக் கால் வலி இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

நான் வழக்கம்போல் முழங்காலிட்டு முதல் மடக்கைக் குடித்துவிட்டுப் பானையைப் பெரியவர்கள் வரிசையில் கொடுத்தேன். முதலில் வாங்கியவர் பானையை உதட்டில் வைத்தார். தொண்டைக் குழி அசையவில்லை. வாழ்க்கை முழுக்கப் பிறருக்குக் குடிக்கக் கொடுத்தவள் நான். எனக்குத் தொண்டைக் குழி பார்க்கத் தெரியும். அடுத்தவர் பானையின் விளிம்பைத் துடைத்துவிட்டு, வாயருகே கொண்டுபோய், அப்படியே கை மாற்றினார். அதற்கடுத்தவர் துடைக்கவும் இல்லை. பானை வரிசை முழுக்கச் சுற்றி, போன கனத்திலேயே என்னிடம் திரும்பி வந்தது. யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. எல்லாரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். என் தம்பி மகள் சடங்கு முறைப்படி ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஆடி வந்தபோது எல்லாப் பக்கமும் பார்த்தாள், நான் உட்கார்ந்திருந்த பக்கத்தைத் தவிர.

பிறர் குடிக்கும் பாத்திரத்தில் நஞ்சு வைக்கிறவளுக்கு எங்களிடம் என்ன பெயர் என்பது தாங்கள் அறிந்ததே. அந்தப் பெயரைச் சூனியக்காரி என்று ஒரு முறை எழுதிவிடுகிறேன். மறுமுறை எழுத என் கை ஒப்பாது. தங்கள் அறிவிப்பில் அந்தச் சொல் இல்லை. ஊர் அதை அங்கேதான் படித்தது.

பானையை நான் தரையில் வைக்கப் போனபோது மாகும்பி வந்து பிடுங்கினாள்.

"குடுடி இங்க. விஷமா இருந்தா என் வாய் மொதல்ல போகட்டும், சந்தைக்கு நிம்மதி" என்று சொல்லி நின்றவாக்கில் பாதிப் பானையைக் குடித்தாள். நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "புளிப்பு பத்தல. அது ஒண்ணுதான் குத்தம்" என்றாள்.

பதினைந்து வருடமாக என் வாடிக்கையாளர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாகும்பியைப் பற்றி நான் எங்கேயும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. அரசாங்கத்துக்கு எழுதும் தாளில் சொல்லும்படி ஆகிவிட்டது.

10. இரண்டாம் நாள் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பது அதற்கடுத்த வாரம்தான் வெளிவந்தது. அன்று சோதனைக்குப் போனவர்களில் ஒருவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பாபா ம்பான்ஸா. என் கடைக்கு வந்து, வாங்க வேண்டியது ஏதும் இல்லாமல் வேர்களைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் மாபியேலா. கத்தக் கூடாது."

"நான் என்னிக்கு பாபா கத்தினேன்?" என்று கத்தினேன்.

"அன்னிக்கு நான் குடிக்கல."

"ஏன்?"

"அந்த நர்ஸ் பொண்ணு கோப்பைய நீட்டிச்சு. நான் அது மூஞ்சியப் பார்த்தேன். அது கடிகாரத்தப் பார்த்துச்சு. ஒரு மடக்கு குடிச்சுக் காட்டு தாயீன்னு பேத்தி வயசுப் பொண்ணுகிட்ட எப்படிக் கேக்கறது? அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். மரியாதையா ரெண்டு கையால வாங்கிக்கிட்டேன். வராண்டாவுல ஒரு தொட்டிச் செடி இருந்துச்சு."

"மத்தவங்க?"

"செடிக்கு வரிசையில நின்னோம் மா. கடைசி ஆளு ஜன்னலைத் தேட வேண்டியதாப் போச்சு."

"ஏதாச்சும் மாத்தம் தெரியுதான்னு டாக்டர் கேட்டாரே பாபா?"

"கேட்டாரு. ஒரு மாத்தமும் இல்லன்னு சொன்னோம். அது உண்மைதானே?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவரோ அன்று வந்த மற்றவர்களோ யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று வாங்கினார்கள். கொடுத்தவர் குடித்துக் காட்டாததால் ஊற்றினார்கள். எங்கள் வீடுகளில் வளர்ந்த யாரும் இதைத்தான் செய்திருப்பார்கள். தங்கள் அறிக்கையில் "எந்த விளைவும் இல்லை" என்ற வரி அந்தத் தொட்டிச் செடியைப் பற்றியது. அதற்குப் பித்தம் இருந்ததா என்று வாரியம்தான் சொல்ல வேண்டும்.

11. இதை எடுத்துக்கொண்டு டாக்டர் ஷெசியைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் அல்லர். முழுக்கக் கேட்டார். நடுவில் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தார்.

"நீங்க சொல்றது புரியுது மா. எங்க அம்மா குடுத்தாலும் அவங்க ஒரு வாய் குடிச்ச பிறகுதான் நான் குடிப்பேன்."

"அப்ப இங்க மட்டும் எப்படி பாபா மறந்துச்சு?"

"இந்தக் கோட்டைப் போட்டா வேற ஆளாயிடறேன் மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அறிக்கை மேல போயிடுச்சு, தலைவர் கையெழுத்தும் ஆயிடுச்சு. ஒரு வழி இருக்கு. கை தவறி ஏதோ கலந்திருக்கலாம்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. பெருசுபடுத்தாம அறிவிப்பை எடுத்துடுவாங்க. ரெண்டு மாசத்துல ஊரு மறந்துடும்" என்றார்.

ஐயா, அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அந்த ஒரு வரியை எழுதினால் சுவர் சுத்தமாகும். ஆனால் நான் எழுதிக் கொடுத்த பொய் என் கையெழுத்தோடு தங்கள் அலுவலகத்தில் இருக்கும். இப்போது நஞ்சு கலந்தவள் என்று சொல்வது வாரியம் மட்டும். பிறகு அதை நானும் சேர்ந்து சொன்னதாக ஆகும். எனவே எழுத முடியாது என்றேன்.

"அப்ப தலைவருக்கு எழுதிப் பாருங்க மா" என்றார். எழுதிவிட்டேன். தாங்கள் பாருங்கள்.

12. இம்மனுவை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் மாகும்பி ஒரு கேள்வி கேட்டாள். "வெறும் வெந்நியையே அந்த அளவு குடிச்சாலும் வாந்தி வரும்டி. உன் கெழங்குக்கு அதுல என்ன பெருமை?" என்றாள். எரிச்சலாக இருந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. தங்கள் வாரியத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை என்பதையும் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன். அதையும் சோதியுங்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் வெதுவெதுப்பான நீர், ஒரு கூட்டத்துக்கு உங்கோபே. இரண்டும் ஒன்றுதான் என்று வந்தால் அதை நானே சந்தை நடுவில் நின்று கத்திச் சொல்கிறேன். என் தொண்டையைப் பற்றித் தாங்கள் விசாரித்துக்கொள்ளலாம், ஒலிபெருக்கி தேவைப்படாது. கிழங்கு தோற்றால் கிழங்கை விடுவேன். கடையில் வேறு வேர்கள் இருக்கின்றன. எனக்கு வேறு பெயர் இல்லை.

13. எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன். கெஞ்சவில்லை என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

(அ) மறுசோதனையில், அனைவர் கண் முன்னாலும், அதே வாளியிலிருந்து ஊற்றிய ஒரு குவளையைக் கொடுப்பவர் முதலில் குடிக்க வேண்டும். எச்சில் படக் கூடாது என்றால் தனிக் குவளையில் ஊற்றிக் குடிக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நான் குடித்தால் சந்தேகம் வரும் என்றால் வாரியத்திலிருந்து ஒருவர் குடிக்கட்டும். அவர் அன்று வெள்ளைக் கோட்டு போடாமல் வருவது நல்லது. காரணம் பத்தி 6-இல் உள்ளது.

(ஆ) வாந்தியை நோயாக எழுதாமல், அதன் பிறகு தலைக் கனம் குறைந்ததா, வாய்க் கசப்பு போனதா, பசி எடுத்ததா என்று மறுநாளும் அவர்களை அழைத்துக் கேட்டு எழுத வேண்டும். போதுமான வாளிகள் வைக்க வேண்டும். ரோஜாப் பாத்திக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

(இ) பாபா ம்பான்ஸாவும் அன்று அவருடன் வந்தவர்களும் நடந்ததை நேரில் சொல்லத் தயாராக உள்ளனர். அவர்களைக் குற்றவாளிகளைப் போல் விசாரிக்கக் கூடாது. உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும்.

(ஈ) மறுசோதனை எப்படி முடிந்தாலும் சரி, நான் நஞ்சு கலக்கவில்லை என்பதற்கு அது காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கான சான்று இம்மனுவிலேயே இருக்கிறது. ஆகவே சிவப்பு அறிவிப்பை வெறுமனே கிழித்துப் போடக் கூடாது. கிழித்தால், பணம் கொடுத்துக் கிழிக்க வைத்தாள் என்பார்கள். எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். அதே மூன்று இடங்களில், அதே அளவில், அதே சிவப்பில், "கோம்பிசிலே பியேலா எதையும் கலக்கவில்லை, பிழை எங்களுடையது" என்று ஒட்ட வேண்டும். முந்தைய அறிவிப்பில் என் பெயர் மட்டும் இருந்தது, எழுதியவர் பெயர் இல்லை. இதில் எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும். கழிப்பறைச் சுவரை விட்டுவிடக் கூடாது. அங்கேதான் ஆட்கள் நின்று நிதானமாகப் படிக்கிறார்கள்.

14. வாரியத்தின் தடையை இதுவரை நான் மீறவில்லை. ஒரு கிழங்கும் விற்கவில்லை. கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினேன். வருகிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்பதால் அது பெரிய சிரமமாகவும் இல்லை. ஆனால் இம்மாத இறுதி வரைதான் அப்படி இருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த மாத முதல் சந்தை நாளில் உங்கோபேயைக் கடையின் முன்வரிசையில், என் பெயர் எழுதிய அட்டையோடு, அடுக்கி வைப்பேன். மீறி விற்றால் கடை அகற்றப்படும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அகற்ற வருவதானால் கூட்டம் அதிகமாக இருக்கும் முற்பகலில் வாருங்கள். ஊர் பார்க்கும்படி வாருங்கள். யார் எதை யாருக்குக் கொடுத்தார்கள், யார் குடித்தார்கள், யார் ஊற்றினார்கள் என்று அங்கேயே எல்லார் முன்னாலும் பேசிவிடலாம். என்னைத் தேட வேண்டிய சிரமம் இருக்காது. கடை எண்ணைத் தாங்களே தெளிவாக அச்சிட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
தன் பெயரைத் திருப்பிக் கேட்கும்,

(ஒப்பம்)
கோம்பிசிலே பியேலா

இடம்: எசிலாலேனி
நாள்: 12 ஆகஸ்ட் 2019

சாட்சிகள்:
1. (ஒப்பம்) ம்பான்ஸா, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்
2. (கைநாட்டு) மாகும்பி, கடை எண் 42. மேற்படியாள் கையெழுத்துப் போடத் தெரிந்தும், கட்டை விரலில் மை தடவிக்கொள்ள ஆசைப்பட்டுக் கைநாட்டு வைத்துள்ளார்.

நகல்: சந்தைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, தகவலுக்காகவும், நிலுவையில் உள்ள விளம்பரப் பலகை விண்ணப்பத்தின் மீது நடவடிக்கைக்காகவும்.